நான் போட்ட தாழ்ப்பாள்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் உலகம் அழியும். கறிக்குழம்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நானும் என் மாமியாரும் டிவி முன்னால் உட்காருவோம். ஏதோ ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை ஒன்று உடையும். அரைமணி நேரத்தில் ஊரே நுரை தள்ளிக்கொண்டு தெருவில் ஓடும். ராணுவம் வந்து சுற்றி வேலி போடும். டப்பிங்கில் அமெரிக்கச் சிப்பாய், "டேய் மச்சான், சுட்றா அவனை!" என்பான். அந்தப் படங்கள் மேல் எனக்கு அப்படியொரு பைத்தியம். சீரியல் பார்த்து மூக்கைச் சிந்துகிறவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும்.

இலுப்பூர்ப் பக்கம் எங்கள் ஊர். நான் இலுப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். என் கணவர் சென்னையில் ஓட்டல் சமையல்காரர். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார். மற்றபடி வீட்டில் நான், மாமியார், எங்கள் நாலு வயது மகள், அவ்வளவுதான்.

இத்தனை படங்களிலும் ஊர் அழிவதற்குக் காரணம் ஒரே ஒரு ஆள்தான். எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு பத்திரமாக இருப்பார்கள். வெளியே புருஷனோ பிள்ளையோ நின்று கதறும். உள்ளேயிருந்து ஒருத்தி ஓடிப்போய்த் திறந்துவிடுவாள். முடிந்தது கதை. அந்த இடம் வரும்போதெல்லாம் நான் டிவியைப் பார்த்துத் திட்டுவேன். மாமியார் எப்போதும் எதிர்க்கட்சி.

"பெத்த புள்ள கத்துது, தொறக்காம என்னத்தா செய்வா?" என்பார்.

"அவ ஒருத்தி தொறந்ததால இப்ப ஊரே சாகப் போகுது பாருங்க அத்தை."

"போகட்டுமே. புள்ளைய விட்டுட்டு ஊரை வச்சு என்ன செய்யிறது?"

எனக்கு வாய் நீளம், விட மாட்டேன். அந்தம்மாவும் விட மாட்டார். விளம்பரம் முடிந்து படம் தொடங்கும்வரை சண்டை நடக்கும். நடுவில் இருவரும் ஒரே பாக்கெட் பிஸ்கெட்டைத்தான் தின்போம். அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்ததால், நான் பார்க்காதபோது எடுத்துத் தின்பதாக அவருக்கு நினைப்பு.

பிறகு நிஜமாகவே வந்தது. ஊரடங்கு போட்டு ஒரு மாதம் கழித்து, ஈ-பாஸ் வாங்கிக்கொண்டு என் கணவர் ஊருக்கு வந்தார். சுகாதாரத் துறையிலிருந்து வந்து வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பதினாலு நாள் வீட்டிலேயே தனிமை. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு அறையும் பாத்ரூமும் உண்டு. அவரை அங்கே ஏற்றிவிட்டு, மாடிப்படி முடிகிற இடத்தில் இருந்த கதவை எங்கள் பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டினேன். பூட்டுப் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. தெருவில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சாப்பாட்டைக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்துப் பூட்டிய பிறகுதான் அவர் அறையிலிருந்து வர வேண்டும். அவர் தட்டை மஞ்சள் தண்ணீரில் ஊற வைத்து, பிறகு வெந்நீரில் கழுவுவேன். மகள் படிக்கட்டில் கால் வைத்தால் அடி விழும். வாசலில் நின்று விசாரித்தவர்கள், "ஒன்ன மாதிரி எல்லாரும் இருந்தா இந்த நோய் ஓடிரும்" என்றார்கள். அதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு இன்னும் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் தூவினேன்.

மாமியார் மட்டும் படிக்கட்டின் அடியில் உட்கார்ந்துகொண்டு மகனோடு மேலே பார்த்துக் கத்திப் பேசிக்கொண்டிருப்பார். "சாப்புட்டியாப்பா? வெக்கையா இருக்கா? அவ கெடக்கா, ஒரு நிமிசம் எறங்கி மூஞ்சியக் காட்டிட்டுப் போயேன்" என்பார். நான் அடுப்படியிலிருந்து முறைத்தால், "சும்மா சொன்னேன்" என்று சிரிப்பார்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும். நெஞ்சைக் கரிக்கிறது என்று மாமியார் சோடா கேட்டார். கடை சாத்தியிருந்தது. ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், படிக்கட்டின் அடியிலேயே சுவரில் சாய்ந்தபடி இருந்தார். ஆட்டோக்காரர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. நான் ஒன்பது நாளாக எதைத் தடுத்துக்கொண்டிருந்தேனோ அது வரவேயில்லை. எனக்கு அழுகை வரவில்லை.

மாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. "ஏத்தா, அம்மாவுக்கு என்னாச்சு? நான் எறங்கி வரவா?"

"இருங்க. ஆபீசர்ட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

அதற்குள் பெண்கள் கூடி வாசலில் ஒப்பாரி தொடங்கிவிட்டது. சத்தம் குறைவாக இருந்த இடம் படிக்கட்டு மட்டுந்தான். அங்கே நின்று சுகாதார ஆய்வாளருக்குப் போன் போட்டேன். என் போனில் ஸ்பீக்கரில் போட்டால்தான் குரல் கேட்கும்.

நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஒம்பது நாளாச்சு, ஒடம்புக்கு ஒண்ணுமில்லைல்லம்மா? மாஸ்க் போட்டுக்கிட்டு, ஆறடி தள்ளி நின்னு பாத்துட்டு மேல போயிரச் சொல்லுங்க. மத்தவங்களக் கொஞ்சம் வெலகி நிக்கச் சொல்லுங்க. பெத்த தாயாச்சே."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். பிறகு மேலே பார்த்து, "கூடாதுன்னுட்டாங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மகள்மேல் இருந்த பயம் உண்மைதான். ஆனால் அது மட்டும் என்று சொன்னால் பொய். கடைசி நிமிஷத்தில் பாசம் பொங்கிக் கதவைத் திறந்துவிடுகிற அந்தப் பைத்தியக்காரியாக நான் ஆகிவிடக் கூடாது என்று இருந்தது.

மேலேயிருந்து, "சரி" என்றார்.

மகன் இறங்கி வரவில்லையா என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். எல்லாரிடமும் அதையே சொன்னேன். "ஆபீசர் கூடாதுன்னுட்டாரு. மேலயிருந்து பாத்துக்குவாரு." யாருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை. நல்ல வெயில். கிடத்தியிருந்த இடத்துக்கு நிழல் வேண்டுமென்று வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டினார்கள். ஒரு பக்கம் வேப்பமரத்தில் கட்டியாயிற்று. மறுபக்கத்துக்கு, என் கணவரின் சித்தப்பா மகன் கயிற்றைச் சுருட்டி மாடிக்கு வீசி, "அண்ணே, அந்தக் கம்பியில கட்டுங்க" என்றான். அவர் பிடித்து இழுத்துக் கட்டினார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அந்தச் சித்தப்பா மகன்தான் வாய்க்கரிசி போட்டான், கொள்ளியும் வைத்தான். என் கணவர்தான் அவருக்கு ஒரே பிள்ளை.

மறுநாள் காலை, என் கணவருக்கு எடுத்திருந்த பரிசோதனையின் முடிவு வந்தது. நோய் இல்லை.

பதினாலு நாள் முடிந்து பாத்திரங்களை எடுக்க மாடிக்குப் போனேன். கம்பியில் அறுத்தது போக ஒரு சாண் கயிறு மிச்சம் இருந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தேன். மாமியாரைக் கிடத்தியிருந்த இடம் நேர் கீழே. இங்கேயிருந்து பார்த்தால் அன்றைக்குத் தார்ப்பாயின் முதுகைத் தவிர வேறு என்ன தெரிந்திருக்கும்? அம்மா முகத்தை மறைக்கிற துணியை அவரே இழுத்துக் கட்டியிருக்கிறார். அது தெரிந்தே கட்டியிருக்கிறார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, மொட்டைத் தலையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவரிடம் போய் நின்றேன்.

"அந்த ஆபீசர் பாக்கலாம்னுதான் சொன்னாரு. நாந்தான் மாத்திச் சொன்னேன்."

அடிப்பார், கத்துவார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும். ஸ்பீக்கர்ல போட்டுத்தானே பேசுன. நான் கதவுகிட்டத்தான் நின்னேன்."

"கேட்டுச்சா? அப்ப ஏங்க ஒண்ணுமே சொல்லல? கதவத் தட்டியிருக்கலாமுல்ல? நாலு பேரு காதுல விழுகுற மாதிரி கத்தியிருக்கலாமுல்ல?"

"தட்டணும்னு கையத் தூக்குனேன். நான் தட்டி, நீ தொறக்காமப் போனா, அதுக்கப்பறம் ஒங்கூட என்னால குடும்பம் நடத்த முடியாது. புள்ள இருக்கு. அதான் தட்டல."

சொல்லிவிட்டு எழுந்து, வாடகைப் பாத்திரங்களை எண்ணி வைக்கப் போனார். நான் படிக்கட்டிலேயே நின்றேன். தட்டியிருந்தால் திறந்திருப்பேன் என்று அவர் முதுகைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்லக்கூட வரவில்லை.