படித்துச் சொல்ல ஒரு ஆள்

போன வாரம் எங்கள் வீட்டு மிக்ஸி நின்றுபோனது. என் கணவர் அதைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்தார். "கண்ணாடியை எங்கேயோ வெச்சிட்டேன். அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் படியேன்" என்றார்.

படித்தேன். 'மோட்டார் சூடாகி நின்றுவிட்டால்...'

அவ்வளவுதான். புத்தகத்தை மூடிவிட்டேன். மிக்ஸிக்காக யாராவது அழுவார்களா? நான் அழுதேன். காரணத்தை அவருக்கு அன்றுதான் சொன்னேன். உங்களுக்கு இன்று.

எழுபதுகளின் கடைசி. பழவேற்காட்டில் எனக்கு இங்கிலீஷ் டீச்சர் வேலை. கதீஜா அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஒரு சனிக்கிழமை, துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அக்கா மூச்சிரைக்க வந்தார்.

"டீச்சர், கொஞ்சம் வாங்க. மார்க்கெட்டாண்ட ஒரு வெள்ளைக்காரரு வண்டி நின்னுபோச்சு. இன்னாவோ பொஸ்தகத்த எல்லார்கிட்டயும் நீட்டினு கீறாரு. ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல."

போனேன். பழைய வேன். உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை... ஒரு குடித்தனமே அதில் இருந்தது. இன்ஜின் பின்பக்கம். டிக்கியில் இன்ஜின் இருப்பதைப் பார்க்கவே பாதி ஊர் கூடியிருந்தது.

அவர் பெயர் பீட்டர். ஹாலந்துக்காரர். ஐம்பதைத் தாண்டிய வயது. முழங்கை வரை கிரீஸ். என்னைப் பார்த்ததும் ஒரு தடித்த ரிப்பேர் புத்தகத்தை நீட்டி, "படிக்க முடியுமா?" என்று தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில் கேட்டார்.

புரட்டினேன். "இது இங்கிலீஷ்தானே? நீங்கள் இங்கிலீஷ் பேசுகிறீர்களே?"

"பேசுவேன். படிக்க வராது. எந்த பாஷையும் வராது. சின்ன வயதிலிருந்தே எழுத்துகள் என் கண்ணில் புரண்டுவிடும்."

"பிறகு எப்படி இவ்வளவு தூரம் வண்டியைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள்?"

"யோஹானா படிப்பாள். நான் செய்வேன்."

மனைவி. "அவர் எங்கே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மெட்ராஸில். மஞ்சள் காமாலை. போன மாதம் புதைத்தேன்."

ரிப்பேர் ஆரம்பமானது. நான் ஒரு பழைய பெட்டி மேல் உட்கார்ந்தேன். ஊரில் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதென்று கதீஜா அக்கா துணைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். வகுப்பில் பாடம் நடத்துகிற அதே ராகத்தில் வாசித்தேன். 'இன்ஜின் சூடானதும் நின்று, ஆறியதும் மறுபடி கிளம்புகிறதா? முதலில் பெட்ரோல் வருகிறதா பார்.' பெட்ரோல் வந்தது. 'பிளக்கில் பொறி பறக்கிறதா பார்.' பறக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் அவர் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். பிறகுதான் கை போகும்.

உண்மையைச் சொல்லட்டுமா? அத்தனை வருஷத்தில் நான் இங்கிலீஷ் படித்து, ஒருவர் ஒரு சொல் விடாமல் கேட்டது அதுதான் முதல் தடவை!

'பிளக்குக்குப் பொறி தருகிற இக்னிஷன் காயில் மேல் ஈரத்துணி போட்டுப் பார். வண்டி கிளம்பினால் கோளாறு அதில்தான்.' அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அக்கா யாரிடமோ ஒரு பழைய துண்டை வாங்கி, நனைத்துப் பிழிந்து கொடுத்தார். சற்று நேரம் கழித்துப் பீட்டர் சாவியைத் திருப்பினார். கிளம்பியது! கூட்டம் கைதட்டியது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டுப் பழைய காயிலைக் கழற்றினார்.

கதீஜா அக்காவின் தம்பி மீன் லோடோடு பொன்னேரி போகிறவர். அந்தக் காயிலைச் சாம்பிளுக்குக் கொண்டுபோய், ஒரு ஒர்க் ஷாப்பில் வேறு காயில் வாங்கி வந்தார். சாயங்காலம் மாட்டுகிற வேலை. நான் படித்துக்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தவர், "யோஹானா, அடுத்த வரி" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஸ்பானர் பிடித்த கை அப்படியே நின்றது.

"இன்னா டீச்சர், இன்னா சொன்னாரு?"

"பொண்டாட்டி பேரைச் சொல்லிட்டார் அக்கா."

அக்கா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார். "படிங்க டீச்சர்... நிறுத்தாதீங்க. படிங்க."

அடுத்த வரியைப் படித்தேன்.

வண்டி சரியாகிவிட்டது. மறுநாள் காலையில் கிளம்பியிருப்பார் என்று நினைத்தேன். ஆனால், வாசலில் வந்து நின்றார். "இன்னும் ஒன்று படிக்க வேண்டும்."

அந்தக் காலத்தில் ஹாலந்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்த டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அக்காவும் வந்தார். அந்தக் கற்களைப் பார்க்க வேண்டும் என்பது யோஹானாவின் ஆசையாம். கடல் தாண்டி வந்து செத்தவர்களின் கல்லில் தன் பாஷை எழுதியிருப்பதை வாசித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியே அவரை இவ்வளவு தூரம் கூட்டி வந்தாராம்.

எனக்கு டச்சு தெரியாது. ஆனால், அது இங்கிலீஷ் எழுத்துதானே? ஒரு பெண்ணின் கல்லறை முன் குனிந்து, உப்புக்காற்று அரித்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தேன். "ஹியர்... ரஸ்ட்." ரஸ்ட் என்றால் துரு இல்லையோ? 'இங்கே துரு' என்றா கல்லறையில் எழுதுவார்கள்?

அவர் மெல்லத் திருத்தினார். "ஹீர் ரஸ்ட். இங்கே இளைப்பாறுகிறாள்."

நான் ஒலியைச் சொன்னேன். அவர் அர்த்தத்தைச் சொன்னார். எனக்கு எழுத்து தெரியும், பொருள் தெரியாது. அவருக்குப் பொருள் தெரியும், எழுத்து தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆள். 'இன்னாரின் மனைவி' என்ற இடம் வந்தபோது, கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அத்தனை பெரிய மனிதர் சத்தம் போட்டு அழுதார். கதீஜா அக்கா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். "அழட்டும் டீச்சர். இத்தினி நாளா அழுதே இருக்க மாட்டாரு போல கீது" என்றார்.

வண்டியில் ஏறும்போது கேட்டேன். "ஊர் போய்ச் சேரும்வரை யார் படித்துச் சொல்வார்கள்?"

"வழியில் யாரையாவது கேட்பேன்" என்றார். பிறகு, தயங்கி... "அவளுக்கும் ஒரு கல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். போய்ப் பார்க்கத் தைரியமில்லை. பார்த்தாலும் படிக்க முடியாது. நீங்கள் மெட்ராஸ் போனால்..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. வண்டி போய்விட்டது. அவர் ஊர் போய்ச் சேர்ந்தாரா? தெரியாது. இன்றுவரை தெரியாது.

பரீட்சை லீவில் மெட்ராஸ் போனேன். கல்லறைத் தோட்டங்களில் தேடிக் கண்டுபிடித்தேன். சின்னக் கல். பெயர், அதன் கீழே 'அன்பு மனைவி' என்று இங்கிலீஷில். செதுக்கியவர் அன்பில் ஒரு எழுத்தை விட்டிருந்தார்.

கல்தச்சரைத் தேடிப் போகலாமா என்று யோசித்தேன். போகவில்லை. பீட்டர் கண்ணில் எப்படியும் எல்லா எழுத்தும் புரளத்தானே போகிறது! பக்கத்தில் உட்கார்ந்து, யாருமில்லாத அந்த மத்தியானத்தில், சத்தமாக, தப்பில்லாமல் வாசித்தேன்.

என் டீச்சர் வாழ்க்கையில் தெரிந்தே திருத்தாமல் விட்ட பிழை அது ஒன்றுதான்.