தும்மலும் விக்கலும்

ஒரு நாளைக்கு நூற்று எண்பத்தாறு பேருந்துகளை நேரம் தவறாமல் கிளப்பிவிடும் பெண் நேரக் காப்பாளர் அவர். வயது நாற்பத்தொன்று. ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸுக்குப் பெயர் வைக்க மட்டும் பதினோரு நாள் திண்டாடினார்.

சென்ற ஆண்டு அவர் ஒரு பிளம்பரை மறுமணம் செய்துகொண்டார். அவருக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள். பிளம்பருக்குப் பதினொரு வயதில் ஒரு மகன். ஒரே வீட்டில் எட்டு மாதம் இருந்தும் பிள்ளைகளுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. விடுமுறை முடிந்ததும் அத்தை வீட்டோடு போய்விடப் போவதாகப் பையன் சொல்லிவிட்டான். அத்தையும் அவனுக்குக் கட்டில் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவனை எப்படியாவது இருக்கவைக்கத்தான் பறவைகள் வந்தன. பிள்ளைகள் சேர்ந்து ஜோடிப் பெயர் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அங்கேதான் தொழில் புத்தி வேலையைக் காட்டியது. பணிமனையில் செய்வதுபோல் கட்டம் போட்ட அட்டவணை ஒன்றைக் கூண்டில் தொங்கவிட்டார். ஒரு நாள் மகள் எழுத வேண்டும், மறுநாள் மகன். மற்றவர் கையெழுத்துப் போட்டால்தான் பெயர் செல்லும். அவள் இடி, மின்னல் என்று எழுதினாள், அவன் அடித்தான். அவன் பூட்டு, சாவி என்றான், அவள் அடித்தாள். ஊசி நூலும் போயிற்று.

"சண்டைக்கே டைம் டேபிள் போட்டுக் குடுத்திருக்கீங்கக்கா," என்றார் பணிமனையில் இதைக் கேட்ட ஓட்டுநர் ஒருவர்.

பன்னிரண்டாம் நாள் காலை அவர் பொறுமை இழந்தார். பச்சைப் பறவைக்குப் புறப்பாடு, நீலத்துக்கு வருகை என்று தானே எழுதி, தானே கையெழுத்தும் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

மாலை திரும்பியபோது உள்ளே பையனின் குரல் கேட்டது.

"உங்கம்மா எப்பவும் இப்படித்தானா?"

"இதாவது பரவால்ல. எங்க பழைய நாய்க்கு டிப்போன்னு பேரு," என்றாள் மகள்.

பையன் சிரித்தான். "இந்த நீலத்தைப் பாரேன், தும்முது."

"பச்சை மட்டும் என்னவாம்? விக்கல் எடுத்த மாதிரி தலையத் தூக்கித் தூக்கிப் போடுது."

"அப்ப அதையே வெச்சிடலாம். இதுக்கா இத்தனை நாள் மண்டைய உடைச்சிக்கிட்டோம்?"

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே சற்று நேரம் நின்றார். உள்ளே போனபோது அட்டவணையில் அவருடைய இரண்டு பெயர்களும் அடிக்கப்பட்டிருந்தன. கீழே தும்மல், விக்கல். பக்கத்திலேயே இரண்டு கையெழுத்துகள்.

"உங்க வண்டி ரெண்டும் ரத்து," என்றான் பையன். பிறகு போனைக் கேட்டான். "அத்தைகிட்ட கட்டில் வேணாம்னு சொல்லணும்."

போனைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் கூண்டைக் கூடத்திலிருந்து எடுத்து, பிள்ளைகளின் இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில் மாட்டுகிறார்.