சௌந்தர்யா சுட்ட போர்வண்டி

சௌந்தர்யாவின் கேக்கைச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் அவளுக்குச் சொந்தக்காரர்கள். சொந்தக்காரர்கள் சொல்லும் "நல்லாருக்குது" என்பதற்கு என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரியாதா? ஓசியில் கிடைத்ததை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் இரண்டாவது துண்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் சொல்வார்கள். முன்பின் தெரியாத ஒருவர் ஒரு வாய் கடித்துவிட்டு, "இது யாரு செஞ்சதுங்க?" என்று கேட்க வேண்டும். திருச்செங்கோட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவள் மனதில் இருந்த ஆசை அது ஒன்றுதான்.

பிறந்தது குமாரபாளையத்தில். அப்பா நூலுக்குச் சாயம் போடுகிறவர். ஆகவே நிறத்தைப் பற்றித் தனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு அவளுக்கு எப்போதும் உண்டு. அந்த நினைப்புதான் அவளைக் கவிழ்த்தது. நூலில் சாயம் ஈரமாக இருக்கும்போது அடர்த்தியாகத் தெரியும். காய்ந்தால் ஒரு படி வெளுக்கும். அதனால் கொஞ்சம் தூக்கலாகவே கலக்க வேண்டும். கேக்கின் மேல் பூசும் கிரீம் இதற்கு நேர் எதிர். கலக்கும்போது வெளிறிக் கிடக்கும், வைக்க வைக்க நிறம் ஏறும். இது தெரியாமல் நாத்தனார் மகனின் பிறந்தநாளுக்கு யானை கேக் செய்தாள். யானை நிறத்துக்கு மேல் ஒரு படி தூக்கலாகக் கலந்து வைத்துவிட்டு, வெளுத்துவிடும் என்று நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாள் யானை தார்ச்சாலையாகியிருந்தது. சொந்தபந்தம் முழுக்கக் கரி பூசிய பல்லோடு சிரித்து நின்ற குடும்பப் படம் இன்றைக்கும் நாத்தனார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

"கேக்கு நல்லாத்தான் இருக்குது அம்மிணி. தின்னுபோட்டு வாயத் தொறக்காம இருந்துட்டா ஒரு கொறையும் இல்ல" என்றாள் மாமியார் ராசம்மாள்.

மாவுக்குள் சித்திரம் போடும் வித்தையையும் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாள். இரண்டு நிற மாவை மாற்றி மாற்றி ஊற்றினால் வெட்டும்போது வரிவரியாக வரும், புள்ளி புள்ளியாக வைத்தால் புள்ளி வரும் என்றார்கள். வந்தது. புள்ளிமான் என்று நினைத்துச் செய்ததை வெட்டிப் பார்த்தால் அம்மை கண்ட மாடு. வரிக்குதிரையின் வரிகளோ அடுப்புச் சூட்டில் உருகி ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டன. கிரீமில் பிழிந்த ரோஜாவைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "காலிபிளவர் தத்ரூபமா இருக்குதுங்கக்கா" என்று மனதாரப் பாராட்டிவிட்டுப் போனாள். சௌந்தர்யா அன்றைக்குச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுதுவிட்டு மறுபடியும் முட்டையை அடித்தாள்.

அவள் புருசன் வேல்முருகன், சரவணமுத்து என்பவரின் ரிக் வண்டியில் டிரில்லர். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் வேலை. சரவணமுத்து புது வண்டி இறக்குகிறார், பூஜைக்கு ஊரே வருகிறது என்று தெரிந்ததும் வேல்முருகனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மொதலாளி, என்ற ஊட்டுக்காரி வண்டி மாதிரியே கேக்கு செஞ்சு தருவாளுங்க" என்று சொல்லிவிட்டான்.

"செய்யச் சொல்லு. நம்ம வண்டியாட்டமே இருக்கோணும்" என்றார் முதலாளி.

வந்தது பார் சௌந்தர்யாவுக்கு ஒரு வேகம்! பூஜைக்குப் போவது என்பதால் முட்டையே இல்லாமல் செய்வது என்று முடிவு கட்டினாள். வேல்முருகனை உட்காரவைத்து, போர் போடும்போது என்னென்ன நிறத்தில் தூள் வரும் என்று துருவித் துருவிக் கேட்டாள். மேலே செம்மண், அதற்குக் கீழே வெளுப்பாகச் சுக்கான் பாறை, பிறகு கருங்கல் என்று அவன் ஒப்பித்தான். அதே வரிசையில் மாவில் நிறம் கலந்து அடுக்கினாள். கோடு வளைந்து நெளிந்ததைப் பார்த்துப் பதறியவளிடம், "பூமிக்குள்ள எதுவும் ஸ்கேல் வெச்சு வரஞ்ச மாதிரி இருக்காது புள்ள, இதான் சரி" என்றான் அவன். அவள் தப்பு முதல்முறையாக ஒரு வேலைக்கு ஆனது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு குழி விட்டு, அதில் நீல நிறச் சர்க்கரைப் பாகை ஊற்றி மூடினாள். கத்தி அடிவரை இறங்கினால் தண்ணீர் பீறிட வேண்டும். அதுதான் அவள் கணக்கு.

வெளிப்பக்கமும் இந்தமுறை ஏமாற்றவில்லை. கிரீமை வெளிறலாகவே கலந்து வைத்தாள். மறுநாள் மஞ்சளும் பச்சையும் வண்டியின் பெயின்ட்டோடு அப்படியே ஒத்துப்போயின. சக்கரம், ஏணி, பிஸ்கட்டில் செய்த உயரமான டவர், நம்பர் பிளேட், முன்கண்ணாடியில் சாமி பெயர், அதற்குமேல் சந்தனப் பொட்டு, குங்குமம். சக்கரத்துக்கு அடியில் வைக்கக் குட்டிக் குட்டி எலுமிச்சம்பழம்கூடப் பிழிந்து வைத்தாள். ராசம்மாள் வெகுநேரம் குனிந்து பார்த்தாள். குறை ஒன்றும் கிடைக்காததால் பேசாமல் போய்விட்டாள்.

சங்ககிரி ரோட்டில் புது வண்டி மாலையோடு நின்றது. அதன் முன்னால் மேசை மேல் கேக். வந்தவர்கள் நிஜ வண்டியை விட்டுவிட்டு இதைத்தான் படம் எடுத்தார்கள். அத்தனை பேரும் முன்பின் தெரியாதவர்கள்! பூசாரி கற்பூரம் காட்டி முடித்ததும், சரவணமுத்து ரிப்பன் கட்டிய கத்தியை எடுத்தார். கத்தி கேக்குக்கு மேலே வந்தது.

"ஏனுங்க!" என்று ஒரு குரல். முதலாளியின் மனைவி தெய்வநாயகி. "புது வண்டி மேலயா கத்தி வெக்கப் போறீங்க? அதும் நல்ல நாளும் அதுவுமா?"

கத்தி அந்தரத்தில் நின்றது.

அதன்பிறகு நடந்ததை ஒரு மாநாடு என்றுதான் சொல்ல வேண்டும். சக்கரத்தை மட்டும் வெட்டலாமே என்றார் ஒருவர். டயர் வெடிக்கும் என்றார் இன்னொருவர். பின்பக்கத்தில் கொஞ்சமாக எடுத்தால்? பின்னால் எவனாவது வந்து இடிப்பான். டவரை ஒடித்துக்கொள்ளலாமா என்று கேட்ட மனிதரை எல்லோரும் பார்த்த பார்வையில் அவர் தன் காரைத் தேடிப் போய்விட்டார். பூசாரியைக் கேட்டார்கள். கேக்குக்கெல்லாம் தனக்குச் சாஸ்திரம் தெரியாது என்று அவர் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அம்மை கண்ட மாட்டை அறுத்துத் தின்றார்கள், கரி யானையை அறுத்துத் தின்றார்கள். வண்டி வண்டியாகவே இருந்ததால் கத்தி இறங்க மாட்டேன் என்கிறது. நன்றாகச் செய்ததுதான் குற்றம் என்றால் ஒருத்தி எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

சௌந்தர்யா கூச்சத்தை விட்டு முன்னால் வந்தாள்.

"அண்ணா, ஒரே ஒரு துண்டு வெட்டிப் பாருங்கண்ணா. உள்ளார தண்ணி வெச்சிருக்கறனுங்க."

சரவணமுத்துவுக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "எத்தன அடியில?"

"அடியிலதானுங்க இருக்குது. வெட்டுனாத்தான் தெரியும்."

"நம்ம தொழிலும் அதேதான் சாமி. ஆனா வண்டிய வெட்டித் தண்ணி எடுக்க முடியாதே" என்று அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

இதற்குள் வெயில் ஏறிவிட்டது. பச்சை கிரீம் மஞ்சளில் இறங்கியது. டவர் மெல்லச் சாய ஆரம்பித்தது. தெய்வநாயகி வாயைப் பொத்திக்கொண்டாள். டவர் சாய்வதைப் போல ஒரு கெட்ட சகுனம் அந்தத் தொழிலில் கிடையாது. இந்த வண்டியில் இனி என்ன நடந்தாலும், ஒரு போல்ட் கழன்றாலும், பழி தன் மனைவியின் கேக் மேல்தான் விழும் என்று வேல்முருகனுக்குத் தெரியும்.

அப்போதுதான், மருமகளோடு பூஜைக்கு வந்திருந்த ராசம்மாள் வாயைத் திறந்தாள்.

"எதுக்குங்க இத்தன ரோசன? வண்டியாட்டமே இருக்குதுன்னா வண்டிக்கு வார கண்ணெல்லாம் இதுக்கு வந்துருச்சுன்னு அர்த்தம். பூசணிக்காய்க்குப் பதுலா இதையே சுத்திப் போட்டு ஒடச்சுப்போடுங்க. தோசம் தீந்துபோகும்."

கூட்டம் பெருமூச்சு விட்டது. எவ்வளவு புத்தியுள்ள பொம்பளை! மகனின் வேலையைக் காப்பாற்றிய தாயை யாரும் குறை சொல்ல முடியாது. சௌந்தர்யாவும் சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் அவளுக்கு மாமியாரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

கேக்கைத் தூக்க வேண்டியவன் வேல்முருகன். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வது? வண்டியைச் சுற்றி வந்து, ரோட்டு ஓரத்தில் ஓங்கி அடித்தான். செம்மண்ணும் சுக்கானும் கருங்கல்லும் தெறித்தன. நடுவிலிருந்து நீலப் பாகு பீறிட்டு ஓடியது.

"தண்ணி! தண்ணி வந்துருச்சு டோய்!" என்று எவனோ கத்தினான். கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். சரவணமுத்து கண்கலங்கிப் போனார். புது வண்டிக்கு இதைவிட நல்ல சகுனம் உண்டா? தெய்வநாயகி ஓடிவந்து சௌந்தர்யாவைக் கட்டிக்கொண்டாள். எல்லோருக்கும் கடையில் வாங்கிய லட்டு கொடுத்தார்கள்.

அந்த வீடியோ ரிக் முதலாளிகளின் வாட்ஸப் குழுக்களில் சுற்றோ சுற்று என்று சுற்றியது. சௌந்தர்யாவின் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. எல்லோரும் முன்பின் தெரியாதவர்கள். ராசிபுரத்துக்காரர், சங்ககிரிக்காரர், சேலம் அஸ்தம்பட்டியில் புது கார் வாங்கிய டாக்டர்கூட.

"அம்மிணி, நம்முளுக்கும் ஒரு வண்டி வேணும். ஓங்கிப் போட்டா நல்லாத் தெறிக்குமில்ல?" என்று கேட்டார் ராசிபுரத்துக்காரர்.

"தெறிக்குமுங்க."

"தண்ணி எச்சா வரோணும்."

"வெச்சுப்போடலாமுங்க. ருசி எப்படி வேணுமுங்க? வெனிலாங்களா, சாக்லேட்டுங்களா?"

மறுமுனையில் அவர் சிரித்தார். "ரோட்டுக்கு எதுக்கம்மிணி ருசி?"

சௌந்தர்யா சரியென்று சொல்லிப் போனை வைத்தாள். மாவைக் கலக்கினாள். செம்மண்ணுக்குச் சிவப்பு, கருங்கல்லுக்குக் கருப்பு. பிறகு வெனிலா பாட்டிலை எடுத்துத் திறந்து, வழக்கமாக ஊற்றும் அளவை ஊற்றினாள். ஊற்றாமல் செய்ய அவளுக்குக் கை வரவில்லை.