புகை போகும் பக்கம்

புகை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கோடு போடுவதுதான் என் பிழைப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில், சின்னக் கார்களை வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தில், சைலன்சர் குழாயை எஞ்சினிலிருந்து பின் பம்பர் வரை கம்ப்யூட்டர் திரையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். கேட்க எளிதாக இருக்கும். சின்னக் காரின் அடியில் இடமே கிடையாது. பெட்ரோல் டேங்கை ஒட்டிப் போனால் சூடு தாங்காது என்பார்கள். கீழே இறக்கினால் வேகத்தடையில் இடிக்கும் என்பார்கள். பின்னால் ஸ்டெப்னிக்குக் குழி வேண்டும் என்று ஒருவர் வந்து நிற்பார். குழாய் எல்லோருக்கும் வேண்டும், தன் பக்கம் மட்டும் வரக்கூடாது.

அப்படித்தான் ஒரு காரில் குழாயின் வாய் பின்பக்கம் இடது மூலையில் வந்து நின்றது. நம் ஊரில் வண்டிகள் இடது ஓரமாகப் போகின்றன. பஸ்ஸுக்கு நிற்பவர்கள், ஓரமாக நடப்பவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள் எல்லோரும் இடது பக்கம்தான் இருக்கிறார்கள். வலது பக்கம் மாற்றிவிடலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். ஸ்டெப்னிக் குழியைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும் என்று வரைந்தும் காட்டினேன். மேலதிகாரி சிரித்தார்.

“பம்பரோட நம்ம வேலை முடிஞ்சுதும்மா. அதுக்கப்புறம் காத்து இருக்கு, அது பாத்துக்கும்.”

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் குழாய் இடது பக்கமே இருந்தது, காரும் அப்படியே சாலைக்கு வந்தது.

வந்த கார்களில் ஒன்று என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. திருமுல்லைவாயிலில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில், இரண்டாம் மாடிக்காரர் அதை வாங்கினார். கோயம்புத்தூர்க்காரர், ஐடி வேலை, சாதுவான மனிதர். எங்கள் கட்டடத்தின் தரைத்தளம் முழுக்கக் கார் நிறுத்துமிடம். பின்சுவரை ஒட்டி ஓர் அறை. அதில் வாட்ச்மேனும் அவர் மனைவியும் அவர்களின் கைக்குழந்தையும் இருந்தார்கள். அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதுவும் தெருவைப் பார்த்து இல்லை, கார்களைப் பார்த்து.

எங்கள் சங்கச் செயலாளர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே வண்டிகளை எப்போதும் முன்பக்கம் வாசலைப் பார்க்கத்தான் நிறுத்துவார்களாம். அதையே எங்களுக்கும் சட்டமாக்கிவிட்டார். எல்லாக் கார்களும் ரிவர்சில் போய், பின்பக்கம் சுவரைப் பார்க்க நிற்க வேண்டும். இரண்டாம் மாடிக்காரர் ஒழுங்காக அப்படியே நிறுத்தினார். நான் வேண்டாம் என்று சொன்ன அந்த இடது மூலை, அளந்து வைத்தது போல அந்த ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது.

அதோடு விட்டாரா? காலையில் இறங்கி வந்து காரை ஸ்டார்ட் செய்வார். எஞ்சின் சூடாகட்டும் என்று ஓடவிட்டு மேலே போய்விடுவார். காபி குடித்து, டிபன் முடித்து, பையை எடுத்துக்கொண்டு சாவகாசமாக இறங்குவார். இன்றைய கார்களுக்கு அது தேவையே இல்லை. அப்பா அம்பாசிடருக்குச் செய்தார், மகன் இதற்குச் செய்கிறார்.

ஒருநாள் காலை வாட்ச்மேனின் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் பக்கம் நின்றிருந்தாள். கொரட்டூரில் பிறந்து வளர்ந்தவள், வாயாடி. அன்றைக்கு முகம் வாடிக் கிடந்தது. என்ன என்று கேட்டேன்.

“தலை வலி மேடம். ஊட்டுக்குள்ள கீறப்போ மண்டைய பொளக்குது, வெளிய வந்து நின்னா சரியா பூடுது. புள்ளயும் காலைல எழுப்பனா எழுந்துக்கவே மாட்றான். துவண்டு துவண்டு வுழறான். இன்னான்னே தெர்ல.”

எனக்குத் தெரிந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கருவி சூடான பிறகுதான் வேலை செய்யும். ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில் வருவதுதான் மோசமான புகை. அதைத்தான் அந்தக் குழந்தை தினமும் சுவாசித்துக்கொண்டிருந்தது. குழந்தையை டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டு நேராக இரண்டாம் மாடிக்குப் போனேன்.

“ஏனுங்க மேடம், புது வண்டிங்க. வெள்ளைக் கர்ச்சீப்ப வெச்சுப் பாருங்க, ஒரு கறை இருக்காதுங்க” என்றார்.

ஆளைக் கொல்லும் புகைக்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். மறுநாள் காலை கார் அதே இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நானே போய் எஞ்சினை அணைத்தேன். அடுத்த நாள் மாற்றுச் சாவியால் கதவைப் பூட்டிவிட்டு எஞ்சினை ஓடவிட்டிருந்தார். சாதுவான மனிதராம்!

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். அந்த ஒரு காரையாவது முன்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்தட்டும் என்றேன். செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை.

“ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்கம்மா. ஆபத்துன்னா வண்டிய ஒரே மூச்சுல வெளிய எடுக்க வேண்டாமா? டிசிப்ளின்னு ஒண்ணு இருக்கு.”

பிறகு அவர்களே கூடிப் பேசி ஒரு தீர்வு கண்டார்கள். அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவது. புகை உள்ளே போகாது, பிரச்சினை தீர்ந்தது. காற்றும் போகாதே என்று கத்தினேன். ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர், பெரிய தர்மம் செய்வது போல. படித்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள். அத்தனை பேரும் கை தூக்கினார்கள். அந்தக் கைகளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கொத்தனார் வருவதற்கு முந்தின நாள் இரண்டாம் மாடிக்காரரிடம் மறுபடி போனேன். இந்த முறை குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கார் நிற்கும் இடம் கேட்டை ஒட்டியது. காரை எடுக்கவும் வசதி, அவர் இடத்தில் இருப்பது போல மேலே ஒழுகும் தண்ணீர்க் குழாயும் கிடையாது.

“இடத்த மாத்திக்கலாமா?” என்றேன்.

“இப்பவே மாத்திக்கலாமுங்க” என்று செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி வந்தார்.

ஒரு குழந்தைக்காக நகராத கார், பெயிண்டில் சொட்டும் தண்ணீருக்காக நகர்ந்தது. கொத்தனாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், ஜன்னல் தப்பியது. குழந்தை இப்போது விடியும் முன்பே எழுந்து கட்டடத்தையே எழுப்புகிறது. அந்த ஜன்னல் பக்கம் இப்போது என் கார் நிற்கிறது, முன்பக்கம் சுவரைப் பார்க்க, புகைக்குழாய் வெளியே பார்க்க.

அது விதிமீறலாம். செயலாளர் நோட்டீஸ் அச்சடித்து என் கார்க் கண்ணாடியில் ஒட்டச் சொல்கிறார். ஒட்ட வேண்டியது வாட்ச்மேனின் வேலை. முதல் முறை அவர் பசை டப்பாவோடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். ஒட்டலேன்னா வேலைய விட்டு தூக்கிடுவேன்றாரு.”

“ஒட்டுங்கண்ணா” என்றேன். அவருக்குப் பின்னால், அம்மா இடுப்பில் இருந்தபடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அப்பா செய்வதை அவர் பிள்ளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.