ஆணி அடிக்க ஒரு வீடு

சேலத்தை விட்டுவிட்டு ஏன் வேலூருக்கு வந்தீர்கள் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். தண்ணீர், பள்ளிக்கூடம், வெயில் என்று எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் வெயிலைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வேலூர் வெயிலைத் தேடி வந்தவர்கள் உலகத்தில் கிடையாது. அதனால் உள்ளதையே சொல்லிவிடுகிறேன். சுவரில் ஒரு ஆணி அடிப்பதற்காக வந்தோம்.

செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷம் நர்ஸாக இருந்தேன். பதவி உயர்வு வந்தபோது என் முறைக்கு மிஞ்சியிருந்தவை இரண்டே ஊர்கள். ஒன்று சேலம், மற்றது வேலூர். பதினைந்து நாளில் ஏதாவது ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பதவி உயர்வே கைவிட்டுப் போய்விடும். போனால் நான் மட்டும் போக முடியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த என் கணவர் கடையைக் காலி செய்ய வேண்டும். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த மகள் பள்ளிக்கூடம் மாற வேண்டும். பதினைந்து நாளில் மூன்று பேருடைய வாழ்க்கையை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

எங்கள் வீடு சிங்கவரம் போகிற சாலையில், டவுன் முடிந்த பிறகு வருகிற காலனியில் இருக்கிறது. காலனி என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தாத்தாவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. என் நைனா நெல் ஏலம் விடுகிற கமிட்டியில் மூட்டை தூக்கினார். இன்றைக்கு எங்கள் தெருவில் இரண்டு வாத்தியார்கள், ஒரு போலீஸ்காரர், ஒரு வக்கீல், அப்புறம் நான். பெருமையாகத்தான் சொல்கிறேன், அடக்கமெல்லாம் எனக்கு வராது.

தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யார் புதுவீடு போனாலும், அது வாடகை வீடாகவே இருந்தாலும், பால் காய்ச்சுவதற்கு முன்னால் ஒரு படத்தை உள்ளே கொண்டுபோய் மாட்டுவோம். நீலக் கோட்டும் கண்ணாடியும் போட்டு, கையில் சட்டப் புத்தகத்தோடு நிற்கிறவரின் படம். சாமி படமெல்லாம் அவருக்குப் பின்னால்தான். மேல்மலையனூர் அம்மன் இதற்காகக் கோபித்துக்கொண்டதாக இதுவரை தகவல் இல்லை. படத்தோடு தெருவே வேன் பிடித்துப் போகும். எங்கள் வீட்டில் இருந்தது நைனா தன் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய படம். ஒரு மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சேலம் போனோம். என் கணவரின் பழைய சிநேகிதர் ஒருவர் அங்கே செல்போன் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். தன் கடையிலேயே பாதியை ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். வீட்டையும் அவரே பேசி வைத்திருந்தார். குறை சொல்ல முடியாத வீடு. மாடியில் இரண்டு ரூம், கிணற்றுத் தண்ணீர், நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், அதில் மகள் கபடி ஆட கிரவுண்டு. மகள் மொட்டை மாடியிலிருந்து ஏற்காடு மலையைப் பார்த்துவிட்டு, "ம்மா, இங்கயும் மலை இருக்குது. நம்ம ஊரு மலை மாதிரி சுடாதாம், குளிருமாம்" என்றாள். அப்போதே அவள் மனசளவில் குடிவந்துவிட்டாள்.

வீட்டுக்காரர் வயதானவர், மரியாதை தெரிந்தவர். எங்களுக்கு மோர் கொடுத்தார்.

"சொந்த ஊரு எதுங்க?"

"செஞ்சி சார்" என்றார் என் கணவர்.

"அடேயப்பா, ராஜா ஆண்ட ஊரு! அங்க எந்தப் பக்கமுங்க?"

"கோட்டைக்குப் பக்கத்துலதான் சார்."

பொய் என்று சொல்ல முடியாது. செஞ்சியில் எந்த வீடுதான் கோட்டைக்குப் பக்கத்தில் இல்லை? வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்ததுமே நெனச்சேனுங்க, நம்மளாட்டம் நல்ல குடும்பமுன்னு" என்றார். என் கணவர் சிரித்தார். நான் மோரைக் கீழே வைத்தேன்.

"ஒரே ஒரு கண்டிஷனுங்க. செவுத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது. இப்பத்தான் பெயின்ட் அடிச்சேன்."

"ஐயோ, நாங்க எதையும் மாட்டறவங்களே இல்ல சார்" என்றார் என் கணவர்.

எனக்குச் சுருக்கென்றது. அங்கேயே கேட்டிருப்பேன், மகள் பக்கத்தில் இருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் தூங்குகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"எதையும் மாட்டறவங்க இல்லியா நாம?"

"கத்தாத. பஸ்ல நாலு பேரு இருக்காங்க."

"இருக்கட்டும். படத்த இன்னா பண்றது?"

"நைனா வூட்லயே இருக்கட்டும். சொந்தமா வூடு கட்டினா அப்போ எடுத்துக்கலாம்." பிறகு அவராகவே சொன்னார். "தெருவ மட்டும் சொல்லிக்காதடான்னு சிநேகிதன் முன்னாடியே சொல்லிட்டான். அவனுக்கும் அங்க பத்து பேரோட பழக்கம் இருக்குது இல்ல?"

சென்னையில் அவர் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தார். ஊரிலிருந்து வந்த கடிதத்தில் தெருப் பெயரைப் பார்த்துவிட்டு, மறுநாளே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மழையில் பெட்டியோடு நின்றிருக்கிறார். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். அன்றைக்குப் பஸ்ஸில் மறுபடியும் அதைத்தான் சொன்னார். "பாப்பா அப்படி நிக்க வாணாம். அவ்ளோதான் எனக்கு."

அந்த மனுஷன் மேல் எனக்கு இரக்கம் வந்தது, கோபமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்பது கட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

"சரி, நைனா வந்தா? மூட்ட தூக்கின கதைய அவரு கேட்டவங்க கேக்காதவங்க எல்லார்கிட்டயும் சொல்வாரே."

"சொல்ல வாணாம்னு சொல்லி வெக்கலாம்" என்றார். சொன்ன பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலூர். அங்கே எங்களுக்கு ஒரு ஈ எறும்பைக்கூடத் தெரியாது. வேலூர் ஒன்றும் சொர்க்கம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் வீட்டுக்காரர் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார். நான் சொன்னேன். "வூட்ல கேட்டுட்டு போன் பண்றேம்மா" என்று கதவைச் சாத்தினார். என் போன் நம்பரை வாங்கிக்கொள்ளவே இல்லை. இரண்டாவது வீட்டில் "சைவம் மட்டும்தான்" என்று இரும்பு கேட்டுக்கு வெளியிலேயே பேச்சை முடித்துவிட்டார்கள். வாசலில் ஆட்டுக்கறி வாசனை வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வீடு ரயில் லைன் ஓரத்தில் இருந்தது. கீழே இட்லி மாவு அரைத்து விற்கிற ஒரு அம்மாள், மேலே காலியாகக் கிடந்த ஒரு ரூமும் ஹாலும். அதற்குள் எனக்குப் பொறுமை போயிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நானே ஆரம்பித்தேன்.

"செஞ்சி. சிங்கவரம் ரோட்டுல காலனி. இன்னும் எதுனா தெரியணுமா?"

அந்த அம்மாள் கையிலிருந்த மாவை வழித்துக் குண்டானில் போட்டார்.

"எத்தினி பேருன்னு தெரியணும். தண்ணி ரெண்டு நாளிக்கு ஒரு வாட்டிதான் வரும், அப்பறம் என்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது, செவுரு உதிருது. ரயிலு சத்தம் பழகிப்புடும்."

அவரைப் பெரிய தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வீட்டுக்கு மாதக்கணக்காக ஆள் வரவில்லை, அதுதான் விஷயம். ஆனால் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். கேட்ட பிறகும் அதே முகத்தோடு இருந்தார். எனக்கு அது போதும்.

என் கணவருக்குப் போதவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வேலூரில் கடைக்கு எங்கே போவார்? மகளுக்குக் கிரவுண்டு எங்கே? ஒரு படத்துக்காக இத்தனையையும் விடுவதா? வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சு. மூன்றாம் நாள் காலையில் மகள் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டே அவரைக் கேட்டாள். அவளுக்குச் சேலம்தான் பிடித்திருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"ப்பா, சேலத்துல கிளாஸ்ல எந்தத் தெருன்னு கேட்டா நானும் கோட்டைக்குப் பக்கத்துலன்னுதான் சொல்லணுமா?"

அவர் அவளுடைய டிபன் பாக்ஸை மூடித் திறந்து மறுபடியும் மூடினார். நான் அன்றைக்கே வேலூர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பயந்து பயந்து கிணற்றுத் தண்ணீர் குடிப்பதைவிட, இரண்டு நாளைக்கு ஒரு முறை வருகிற தண்ணீரைத் தலை நிமிர்ந்து பிடிக்கலாம் என்று தோன்றியது. சேலத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கேயும் கேட்காத வீடுகள் இருக்கும். நாங்கள் போய் நின்றது கேட்கிற வாசலில்.

வீடு வேண்டாம் என்று சொல்வதற்காகச் சேலத்து வீட்டுக்காரருக்கு நானே போன் செய்தேன். "சார், நாங்க செஞ்சியில காலனிக்காரங்க. அன்னிக்கிச் சொல்லல" என்று ஆரம்பித்தேன். மறுமுனையில் ஒரு இருமல் கேட்டது. "அதுக்கென்னங்க, நமக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் வித்தியாசம் இல்லீங்க. ஆனா பாருங்க, தம்பி பையன் திடீர்னு குடிவரேன்னு சொல்லிட்டானுங்க." நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை, அதற்குள் பாவம், ஒரு தம்பி பையனைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "பையன நல்லா வெச்சுக்குங்க சார்" என்று சொல்லிப் போனை வைத்தேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து கடைக்குப் போனார்.

அமாவாசையன்று செஞ்சியில் வேன் கிடைக்காது, எல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்கு ஓடும். அதனால் அதற்கு நாலு நாள் முன்னாலேயே கிளம்பினோம். தெரு சனம் ஒரு வேன், சாமான்கள் ஒரு வண்டி. நைனா படத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. நெல் மூட்டையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். பின்னால் வாத்தியார், வக்கீல், பெண்கள், பிள்ளைகள்.

மாவுக்கார அம்மாள் படி நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"இன்னாமா இது, படமா? ஆணி கூடாதுன்னு மொத நாளே சொன்னேனா இல்லியா?"

சனம் அப்படியே நின்றது. படத்தைப் பார்த்துச் சொல்கிறாரா, சுவரை நினைத்துச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் இதுதானா? சண்டைக்கு நான் தயார். புடவையைக்கூட இழுத்துச் சொருகிவிட்டேன்.

எனக்கு முன்னால் என் கணவர் படியேறினார். மழையில் பெட்டியோடு நின்ற அந்த மனுஷன்.

"சொன்னீங்கம்மா. ஆனா நாங்க மாட்டறவங்க. ஒரு ஆணி அடிக்கணும்" என்றார். கெஞ்சவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். அதை அவர் கொண்டுவந்திருந்ததே எனக்குத் தெரியாது.

அந்த அம்மாள் அவரைப் பார்த்தார், நைனாவின் தோளில் இருந்த படத்தைப் பார்த்தார், வரிசையாக நின்ற சனத்தைப் பார்த்தார்.

"உதிர்ந்தா நீதான் பூசணும்" என்று சொல்லிவிட்டு ஓரமாக நகர்ந்து வழிவிட்டார்.

முதல் அடியிலேயே உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் பெயர்ந்து விழுந்தது. மகள் "ப்பா!" என்று கத்தினாள். அவர் நிறுத்தவில்லை. ஒரு சாண் தள்ளி வைத்து மறுபடியும் அடித்தார்.