மெத்தைக்கடை ஆண்டாளின் ஏழு பாட்டு

தையல் மெஷினை மிதித்துக்கொண்டே உதட்டுக்குள் ஏதோ முணுமுணுக்கிறாள் ஆண்டாள். வாடிக்கையாளரைத் திட்டுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்துக் கடையிலிருந்து பார்த்த நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன். மெஷின் ஓட்டத்துக்கு ராப் பாட்டு கட்டுகிறாள். வரி சூடுபிடித்தால் கால் வேகமாகிவிடும்.

"பாப்பா, தலகாணி கோணலா போவுது. இன்னிக்கி இன்னா பாட்டு?" என்பார் கடைக்காரர் ஹபீப் முகமது.

"பஸ்ஸு பாட்டு பாய். பிரிச்சி தெச்சிடறேன்."

வில்லியனூர் கடைத்தெருவில் பாய்க்கு இலவம்பஞ்சு மெத்தைக்கடை. இருபத்தாறு வயது ஆண்டாள் குருவிநத்தத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறாள். "பாகூரு பஸ்ஸுல ஜன்னலு சீட்டு, பதினேழு ஸ்டாப்புக்கு பதினேழு பாட்டு" என்ற வரி பிறந்தது அந்தப் பயணத்தில்தான். அவளுக்குப் பின்னால் எந்தக் கம்பெனியும் இல்லை. பாட்டு, பீட், அட்டைப்படம் எல்லாம் அவளும் அவள் செல்போனும்தான். பாட்டுகளை இணையத்தில் ஏற்றித்தரும் நிறுவனம் ஒன்றில் பதிந்துகொண்டு, 'ஒரே மூச்சு' என்ற ஏழு பாட்டு ஆல்பத்தை இந்த ஆடியில் வெளியிட்டாள்.

இரண்டாம் நாளே ஆல்பத்தைத் தூக்கிவிட்டார்கள். வேறொருவர் பாட்டை எடுத்துப் போட்டிருக்கிறாளாம். ராங்கிக்காரி, சும்மா இருப்பாளா? ஹெட்போனை மாட்டிக் கேட்டால், அவள் மூச்சு விடும் இடத்திலெல்லாம் பின்னால் அம்மன் பாட்டு! ஆடி முழுக்கத் தெருவில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வீட்டில் பதிவு செய்தவளின் பழகிய காதுக்கு அது எட்டவேயில்லை. நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு எட்டிவிட்டது.

"நான் யாரு பாட்டயும் திருடல பாய். அம்மனே வந்து என் பாட்டுல ஒக்காந்துகினா நான் இன்னா பண்ணுவேன்?"

ஆவணி பிறந்ததும் கரும்புத் தோட்டத்து ஓரமாகப் போய் மறுபடி பாடிப் பதிவு செய்தாள். ஆவணி கல்யாண மாதம் என்பதை மறந்துபோனாள். எங்கோ ஒரு பந்தலில் போட்ட சினிமாப் பாட்டு காற்றோடு வந்து சேர்ந்துகொண்டது. ஆல்பம் மறுபடி போயிற்று. இன்னொரு முறை இப்படி நடந்தால் கணக்கையே மூடிவிடுவோம், அந்தப் பெயரில் இனி எதையும் வெளியிட முடியாது என்று எச்சரிக்கையும் வந்தது. அன்று அவள் தைத்த தலையணைகள் எல்லாம் நேராக இருந்தன. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வழி சொன்னது பாயின் மனைவி ஆமினா பீவி. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பாய் ஷட்டரை இறக்கிவிட்டுப் போவார். "நாலு பக்கமும் மெத்தய நிறுத்திக்கினு உள்ள ஒக்காந்து பாடுடி. யாரும் வராம நான் பாத்துக்கறேன்." பஞ்சைத் தாண்டி ஒரு சத்தமும் நுழையாது. ஏழு வெள்ளி, ஏழு பாட்டு. ஒவ்வொரு முறையும் வேர்த்து விறுவிறுத்து, தலையெல்லாம் பஞ்சாக வெளியே வருவாள்.

போன செவ்வாய்க்கிழமை ஏற்றினாள். அதன்பிறகு போனைப் பார்க்கவே பயம். நேற்று மதியம் ஆமினா பீவிதான் அதை வாங்கிப் பார்த்தார். "ஏழும் அப்பிடியே இருக்குடி! எவனும் கை வெக்கல." எந்த ஆட்சேபமும் இல்லை என்று நிறுவனத்தின் கடிதமும் வந்திருந்தது. அப்பாடா என்று எனக்கே நெஞ்சு லேசானது. ஆண்டாள் பாட்டைப் போட்டுவிட்டு, டெலிவரிக்கு வைத்திருந்த மெத்தைமேல் மல்லாந்து விழுந்தாள். மூன்றாம் பாட்டு முடிவதற்குள் குறட்டை.

அந்த மெத்தைக்குச் சொல்லியிருந்தவர் ஆட்டோவோடு வந்து நின்றார். "ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்" என்று பாய் அனுப்பிவைத்தார். ஆமினா பீவி மெல்லக் குனிந்து, ஆண்டாளின் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊசியை உருவித் தன் முந்தானையில் குத்திக்கொண்டார்.