குனிந்து பாடிய பாட்டு

என் பாட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் எல்லாரும் மண் வாசனை என்று எழுதுகிறார்கள். யூரியா போட்ட சேற்றில் ஒரு நாள் இடுப்பு ஒடிய நின்று பார்த்தால் தெரியும், அது என்ன வாசனை என்று. நான் நாற்று நட்டவள். நடும்போது பாடினேன். பாடினால் எல்லார் கையும் ஒரே வேகத்தில் போகும், வலி கொஞ்சம் மறக்கும். அவ்வளவுதான். இப்போது எங்கள் பக்கம் பாதி வயலில் மெஷின் நடுகிறது. நல்லதுதான். பெண்களின் இடுப்பு தப்பித்தது.

பூதலூர் பக்கம் எங்கள் ஊர். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம் குத்தகைக்கு வைத்திருந்தோம். அது போதாமல் அம்மாவும் நானும் மற்றவர் வயலுக்கும் நடவுக்குப் போவோம். அம்மா முதல் வரியைப் பாடுவாள், நாங்கள் பத்துப் பதினைந்து பேர் பின்பாட்டுப் பாடுவோம். அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் நான் முதல் வரிக்கு வந்தேன், அவள் பின்பாட்டுக்குப் போனாள். அதற்கு யாரும் விழா எடுக்கவில்லை.

அப்புறம் ஒரு கலைக்குழு என்னைக் கூட்டிக்கொண்டு போனது. மேடை ஏறினேன். டிவியில் பாடினேன். அதைப் பார்த்து சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். நான்கு படம் நடித்தேன். நான்கிலும் கதாநாயகனுக்கு அம்மா. நான்கிலும் செத்துப்போனேன். நான்கிலும் பேசியது நான் இல்லை. சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து வேறொரு பெண் எனக்குப் பேசினார். என் பேச்சு ரொம்ப லோக்கலாக இருக்கிறதாம். கிராமத்து அம்மா வேஷத்துக்கு ஒரு கிராமத்துக்காரியைத் தேடிப் பிடித்து வந்து, அவள் வாயை மட்டும் அடைத்தால் என்ன அர்த்தம்? கேட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தாம்மா" என்றார்கள். நடிக்கக் கிடைத்ததே என்று சும்மா இருந்துவிட்டேன். அதற்காக என் மேலேயே எனக்கு இன்னும் கோபம் உண்டு.

முதல் படம் வந்தபோது அம்மாவுக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போயிருந்தது. இருந்தாலும் மகள் நடித்த படம் என்று கிளம்பிவிட்டாள். தஞ்சாவூர் தியேட்டரில் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"நீ எப்ப வருவ?"

"இப்பப் பேசுறது நான்தாம்மா."

"யாரு, இந்தப் பொம்பளையா? இவ நீ இல்லடி."

"ஆளு நான்தான். சத்தம்தான் வேற."

"சத்தம் வேறன்னா ஆளும் வேறதானே?"

திரையில் நான் செத்தேன். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. அம்மா முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது, "நான் தூங்கிட்டனா? நீ எந்த எடத்துலடி வந்த?" என்று கேட்டாள். அடுத்த மூன்று படத்துக்கும் அவள் வரவில்லை. "எவளோ பேசுறதுக்கு எனக்கு எதுக்கு டிக்கெட்டு" என்றாள்.

ஐந்தாவது படத்துக்கு ஒரு புது டைரக்டர் வந்தார். சின்ன வயசு. நடவு வயலில் நான் பாடவேண்டும், பேச்சு அதிகம் இல்லை, அந்தப் பாட்டுதான் என் வேஷம் என்றார். "என் சத்தம் இருந்தா வரேன் தம்பி. இல்லன்னா வேற ஆளப் பாருங்க" என்றேன். வயலிலேயே மைக் வைத்துப் பதிவு செய்கிறோம் என்று சத்தியம் செய்தார். குறுவை நடவு நடந்துகொண்டிருந்த வயலில் இரண்டு நாள் எடுத்தார்கள். என்னோடு நட்ட பழைய செட்டுப் பெண்களே பின்பாட்டுப் பாடினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, பக்கத்து வயல்ல சேறடிச்ச டிராக்டர் சத்தம் உங்க பாட்டு மேல விழுந்துருச்சு. திரும்பத்தான் பாடணும்."

"வந்து பாடுறேன்."

"இல்லம்மா... தயாரிப்பாளர் ஒரு பாடகியப் பேசிட்டாரு."

நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. அவர் பாவம், கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்த பிறகு சினிமாவையே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. இந்தத் தடவை உன் மகளைக் கேட்பாய் என்று அவளிடம் ஏற்கெனவே வாய் விட்டிருந்தேன்.

ஒரு வாரத்தில் திரும்பவும் போன். "நாளைக்கே வர முடியுமாம்மா?" அந்தப் பாடகி மூன்று நாள் பாடிப் பார்த்தாராம். நல்ல பாடகிதான். ஆனால் பாட்டு என் வாயசைவோடு ஒட்டவே இல்லையாம். "இவங்க எங்க மூச்சு எடுக்குறாங்கன்னே புரியல, இவங்களையே கூப்பிடுங்க" என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும்.

போனேன். காதில் ஹெட்போனை மாட்டி, மைக் முன்னால் நிற்க வைத்தார்கள். எதிரே திரையில் நான் நடுகிறேன். பாடினேன். ஒட்டவில்லை. ஏழு தடவை பாடினேன். "மேடம், லிப் போயிருச்சு" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ரெக்கார்டிங் செய்கிறவர் சொன்னார். என் பாட்டு, என் வாய், எனக்கே ஒட்டவில்லை. தயாரிப்பாளரின் ஆள் வாட்சைப் பார்த்தார். "மதியத்துக்குள்ள முடியலன்னா அந்தப் பாடகி பாடினதையே வச்சுக்குவோம்" என்றார்.

எட்டாவது தடவை நான் பாடவில்லை. திரையில் வாயைப் பார்ப்பதை விட்டுக் கையைப் பார்த்தேன். இடது கையில் நாற்று முடி, ஒரு பிடிக் கட்டு. வலது கை நாலு நாற்றைப் பிரித்துச் சேற்றில் குத்துகிறது. குத்தும்போது வயிறு மடங்கி மூச்சு அறுபடுகிறது. ஓரடி பின்னால் வைக்கும்போது மூச்சு உள்ளே போகிறது. நின்றுகொண்டு பாடினால் வயிறு எப்படி மடங்கும்?

"மைக்கக் கீழ எறக்குங்க" என்றேன்.

"எவ்வளவு மேடம்?"

"முழங்காலுக்கு."

புடவையைத் தூக்கிச் செருகினேன். நாற்று முடிக்குப் பதில் என் துண்டைச் சுருட்டி இடது கையில் பிடித்தேன். குனிந்தேன். வலது கையால் கார்ப்பெட்டைக் குத்திக் குத்தி, பின்னால் நடந்துகொண்டே பாடினேன். ரெக்கார்டிங் செய்கிறவரே எழுந்து வந்து, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு என்னோடு குனிந்து வந்தார். நாலு எட்டில் சுவர் இடித்தது. முன்னால் போய் மறுபடியும் ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓகே மேடம்" என்றார். வாட்ச் பார்த்தவர் வெளியே போனார். நான் கார்ப்பெட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையெல்லாம் வரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது.

அதற்கப்புறமும் எனக்கு நம்பிக்கை இல்லை. சினிமாவில் கடைசி நிமிஷத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றுவார்கள். படம் வந்த அன்று காலை ஆட்டத்துக்கு அம்மாவைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். "வேற எவளாச்சும் பாடினா பாதியிலயே எந்திரிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

முதல் வரி வந்தது. என் சத்தம்தான். அம்மா முறுக்கை மடியில் வைத்தாள். வரி முடிந்ததும் திரையில் இருந்த பெண்களுக்கு முந்திக்கொண்டு, தியேட்டரே கேட்கப் பின்பாட்டுப் பாடினாள். முன் சீட்டுக்காரர் திரும்பினார்.

"பெரியம்மா, கொஞ்சம் சும்மா இருங்க."

"அவங்க பாடாம யாருங்க பாடுவா? நீங்க திரும்பி உக்காருங்க" என்றேன். திரும்பிக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் அம்மா என் பக்கம் சாய்ந்தாள்.

"குனிஞ்சுதானே பாடின?"

"ஆமாம்மா."

"தெரியுது. இடுப்பு வலிச்சுதா?"

அந்தப் பாட்டைப் பற்றி இதுவரை எத்தனையோ பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. "வலிச்சுதும்மா" என்றேன்.

வழக்கம்போல இந்தப் படத்திலும் என்னைச் சாகடித்துவிட்டார்கள். கடைசிக் காட்சியில் இரண்டு வரி முனகிவிட்டு என் சத்தம் நின்றது. உடனே அம்மாவின் கை இருட்டில் துழாவிக்கொண்டு வந்தது. என் கன்னத்தைத் தொட்டது, தோளைத் தொட்டது, மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"இங்கதாம்மா இருக்கேன்."

"இருக்க இருக்க. அந்த டைரக்டரு மட்டும் என் கையில கெடைக்கட்டும்" என்றாள்.

பூதலூர் வரைக்கும் பஸ்ஸில் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். என் கையை விடவில்லை. நான் ஜன்னலில் தலையைச் சாய்த்து, நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.